சக்கரத்தில் படியும் கருந்தூள்

எங்கள் தெருவில் இரண்டு கார்கள் அருகருகே நிற்பது வழக்கம். ஒன்று ஜப்பானியக் கார். மற்றொன்று ஜெர்மானியக் கார். இரண்டையும் ஒரே நாளில் கழுவித் துடைக்கின்றனர். ஒரு வாரம் சென்றபின் நோக்கினால், முன்னதன் சக்கரங்கள் ஏறக்குறையத் தூய்மையாகவே இருக்கின்றன. பின்னதன் முன்சக்கரங்களிலோ அடுப்புக்கரியை அப்பினாற்போல் கருந்தூள் படிந்துகிடக்கின்றது. “விலையுயர்ந்த காரில் பிரேக் பழுதாகிவிட்டதோ, ஐயா?” என்று அவ்வீட்டு மாணவன் என்னை வினவினான். பழுது ஏதுமில்லை. ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி.

ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் உண்டு. அதை நிறுத்துவதென்றால் அவ்வாற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதனை நிறுத்தும்போது ஏறத்தாழ 1,39,000 ஜூல் வெப்பம் பிறக்கும். கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். (இதனை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், பழைய வாத்தியாரின் பழக்கம் என்னை விட்டபாடில்லை.)

இவ்வளவு வெப்பமும் எங்கே பிறக்கின்றது? சக்கரத்துடன் சுழலும் வார்ப்பிரும்புத் தகட்டை இருபுறமும் இரு பிரேக் கட்டைகள் இறுகப் பற்றுகின்றன, அங்கேதான். அவை பற்றும் முறையில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கின்றது. சில கட்டைகள் தம் பொருளிலிருந்தே ஒரு மெல்லிய படலத்தைத் தகட்டின்மேல் பூசிவிடுகின்றன. பின்னர் அப்படலத்தோடு உராய்ந்தே வண்டியை நிறுத்துகின்றன. இவ்வகையில் தேய்வு குறைவு. உதிரும் தூளும் பெரும்பாலும் வெளிர்நிறம். ஜப்பானிய, அமெரிக்கக் கார்களில் இவ்வகையே மிகுதி. ஜெர்மனியிலோ வேகவரம்பே இல்லாத நெடுஞ்சாலைப் பகுதிகள் இன்றும் உள. அத்தகைய வேகத்தில் தகடு மிகக் காய்ந்த நிலையிலும் பிடி தளரலாகாது. ஆகவே, எஃகு இழைகளும் கடினமான துகள்களும் கலந்த கட்டைகளை அந்நாட்டார் விரும்பினர். அவை தகட்டைச் சுரண்டிப் பிடிக்கின்றன. கட்டை தேய்வதோடு தகடும் தேய்கின்றது. சக்கரத்தில் படியும் தூளில் இரும்பு மிகுந்திருப்பதும், நனைந்தால் அது துருவேறிச் செம்பழுப்பாவதும் இதனாலேயே.

வண்டி நிற்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களுக்கே உழைப்பு அதிகம். தூளும் அங்கேதான் அதிகம். டிரம் பிரேக்கில் தூள் தோன்றாமலில்லை. மூடிய கூட்டுக்குள் தங்கிவிடுகின்றது, அவ்வளவே. பட்டறையில் அக்கூட்டைத் திறந்து காற்றுக்குழாயால் ஊதுவது தீய வழக்கம். முற்காலத்தில் பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் அதற்குத் தடை உண்டு.

கல்நார் இல்லாத தூளும் தீங்கற்றதன்று. சக்கரத்தில் படிந்து நம் கண்ணில் படுவது ஒரு பகுதியே. எஞ்சியது காற்றில் கலந்தும் சாலையில் வீழ்ந்தும் பரவுகின்றது. தலைமயிரின் தடிமனில் ஏழில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் மூச்சுடன் நுரையீரலுள் புகவல்லன. ஆதலின் 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய ‘யூரோ 7’ விதிகள், புகைக்கு மட்டுமன்றிப் பிரேக் துகளுக்கும் முதன்முறையாக வரம்பு கட்டின. சாதாரணக் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். முழு மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராம். மின்சாரக் காரில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைப்பதால், கட்டைகளுக்கு வேலை குறைவு.

அம்மாணவனுக்கு நான் கூறியது இதுதான்: “உன் தந்தையார் எதிரே நெரிசலைக் கண்டதும் முன்கூட்டியே வேகத்தைத் தணித்தால், அதே காரில் பாதித் தூள்கூட வராமற்போகலாம். சக்கரத்தைத் துடைக்கும்போது உலர்ந்த துணியால் தட்டாதே. முதலில் தண்ணீர் ஊற்று.”