குழல் குறைந்த துப்பாக்கியின் நூற்றாண்டுப் பணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் காலாட்படையினர் நீண்ட குழல் கொண்ட ரைஃபிளையும், குதிரைப்படையினர் கார்பைன் எனப்படும் குட்டைத் துப்பாக்கியையும் பயன்படுத்தி வந்தனர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், எதிரிகளின் மவுசர் துப்பாக்கிகள் விரைவாகத் தோட்டா நிரப்பப்பட்டுத் தொலைவிலும் துல்லியமாகச் சுட்டதைக் கண்ட பிரிட்டிஷ் இராணுவம், இரு படைகளுக்கும் பொதுவான ஒரே ஆயுதம் தேவை என்று முடிவுசெய்து, காலாட்படையினரின் லீ என்ஃபீல்டு ரைஃபிளின் குழலை ஏறத்தாழ 30 அங்குலத்திலிருந்து 25 அங்குலமாகக் குறைத்தது.

குழல் விட்டம் 0.303 அங்குலமாக இருந்ததால் '303' என்றே அறியப்பட்ட இத்துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் அடங்கின. தாழ்ப்பாளைப் போலத் திருப்பி இழுத்துத் தள்ளப்படும் போல்ட், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியேற்றி அடுத்ததைக் குழலுக்குள் ஏற்றியது. துப்பாக்கி குட்டையானதால் நேருக்கு நேர் மோதலில் வீரனின் எட்டும் தூரம் குறையும் என்ற அச்சம் எழவே, அதன் முனையில் பொருத்தும் பயனெட் கத்தியின் அலகு 17 அங்குலமாக நீட்டப்பட்டது.

1907இல் ஏற்கப்பட்ட இதன் மூன்றாம் வடிவம் கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள இஷாப்பூர் ஆலையிலும் தயாரிக்கப்பட்டு, முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் இந்தியப் படையினரின் முதன்மை ஆயுதமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியபின், சென்னை, பழவேற்காடு உள்ளிட்ட கிழக்குக் கடற்கரை முழுவதும் படையெடுப்பு அச்சம் பரவியது. அந்நாள்களில், பிரிட்டன் லீ என்ஃபீல்டின் புதிய வடிவமான நான்காம் எண் ரைஃபிளுக்கு மாறிவிட்ட போதிலும், 25 இலட்சம் பேரைத் தாண்டிப் பெருகிய இந்தியப் படைக்காக இஷாப்பூர் ஆலை பழைய வடிவத்தையே தொடர்ந்து செய்தது.

காட்டுப் போருக்கு இன்னும் இலகுவான ஆயுதம் வேண்டும் என்று 1944இல் உருவாக்கப்பட்ட ஐந்தாம் எண் ரைஃபிளில், குழல் 19 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாகவும் எடை சுமார் 3.2 கிலோவாகவும் குறைக்கப்பட்டன. வெடிக்கும் சுவாலையை மறைக்கக் குழல் முனையில் கூம்பு வடிவ மூடியும், உதைப்பைத் தாங்கக் கட்டையின் பின்முனையில் ரப்பர் பட்டையும் பொருத்தப்பட்டன. எனினும் அந்த உதைப்பு கடுமையாகவே இருந்தது. குறி ஒரே நிலையில் நிற்பதில்லை என்ற குறையும் எழுந்ததால் 1947இல் இதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. அதன்பின் 1948இல் கம்யூனிசக் கொரில்லாக்களுக்கு எதிராகத் தொடங்கிய மலாயா அவசரநிலைக் காலத்தில், தமிழர்கள் பெருமளவில் உழைத்த இரப்பர்த் தோட்டங்களைச் சூழ்ந்த காடுகளில்தான் இது மிகுதியும் பயன்பட்டது.

பழைய 303 ரைஃபிளோ 1962 சீனப் போர்வரை இந்திய இராணுவத்தில் நீடித்தது. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் சீனத் துப்பாக்கிகளுக்கு முன் அதன் வேகக் குறைவு வெளிப்பட்டபின், 1960களில் இஷாப்பூர் ஆலை அதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்தது. இராணுவத்தைவிட்டு விலகிய பிறகும் காவல்துறையினரின் தோளில் தொடர்ந்த 303 ரைஃபிளுக்கு, உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் விடைகொடுத்தது.