முதல் நைட் டியூட்டி எப்போது?

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களின் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்தின் முதல் புதன்கிழமை தொடங்குகிறது. அன்றைக்கு அரங்கில் எல்லோரையும் உட்காரவைத்து அறிமுக வகுப்பு நடத்துவார்கள். அடையாள அட்டை, கணினிக்கான பாஸ்வேர்டு, பேஜர் எல்லாம் வரிசையாகக் கைக்கு வரும். அந்த நாட்டுக் கல்லூரிகளிலேயே படித்து, அந்த வார்டுகளிலேயே மாணவராகத் திரிந்தவர்கள்கூட, முதல் வேலையில் சேரும் முன் குறைந்தது நான்கு நாட்கள் சம்பளத்தோடு இன்னொரு மருத்துவரின் கூடவே இருந்து வேலையைப் பார்த்துப் பழக வேண்டும். 2012 முதல் அதுதான் விதி.

மதுரையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போகிறவருக்குப் பெரும்பாலும் அந்தப் புதன்கிழமை வாய்ப்பதில்லை. விசா எப்போது கைக்கு வருகிறதோ அப்போதுதான் விமானம். நவம்பர் நடுவிலோ பிப்ரவரி கடைசியிலோ, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் தனி ஆளாக மருத்துவமனை வாசலில் போய் நிற்பார். அவர் ஒருவருக்காக யாரும் அரங்கைத் திறக்கப் போவதில்லை. நல்ல துறையாக இருந்தால் இரண்டு வாரமாவது டியூட்டிப் பட்டியலில் சேர்க்காமல் கூடவே வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்த வார இறுதியிலேயே நைட் டியூட்டி.

இது ஏதோ சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யில் 2022இல் புதிதாகப் பதிவு செய்த மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் படித்தவர்கள். இந்தியர்கள் அதில் பெரிய கூட்டம். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: கொழும்பின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. முடித்தவர்கள், நிபுணராக அங்கீகாரம் பெறும் முன் வெளிநாட்டில் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்களில் பலர் போவதும் பிரிட்டனுக்குத்தான்.

பதிவுக்கான பாதையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7. மருத்துவர்களுக்கான தகுதித் தேர்வான பிளாப்பின் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதலாம். 180 கேள்வி, மூன்று மணி நேரம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போக வேண்டும். கோச்சிங் சென்டர்கள் இதையெல்லாம் கரைத்துக் குடித்து வைத்திருக்கின்றன. ஆனால் தேர்வு சோதிப்பது மருத்துவ அறிவையும் நோயாளியிடம் பேசும் விதத்தையும். ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்பதை எந்தத் தேர்வும் சொல்லித்தராது.

படுக்கை 14, நியூஸ் 7

அந்த இரவு இரண்டு மணியையே எடுத்துக்கொள்வோம். முதியோர் வார்டிலிருந்து நர்ஸ் அழைக்கிறார். "படுக்கை 14, நியூஸ் ஏழு" என்கிறார். மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, ஆக்ஸிஜன் கொடுக்கப்படுகிறதா இல்லையா, காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு நிலை ஆகிய ஏழையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறைதான் நியூஸ். ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் கொண்டுவந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2017இல் திருத்தப்பட்ட வடிவம். கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் மருத்துவர் உடனே போய்ப் பார்க்க வேண்டும். ஏழு என்றால் அவசரநிலை. மூத்தவருக்குத் தகவல் போயாக வேண்டும்.

புதிதாக வந்தவருக்கு மருத்துவம் நன்றாகவே தெரியும். ராஜாஜி மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ ஒரே இரவில் அவர் பார்த்த செப்சிஸ் கேஸ்களை அந்த ஊர்க்காரர் ஒரு மாதத்தில் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அவருக்குத் தெரியாதவை வேறு. அந்த மருத்துவமனையின் ஆன்டிபயாட்டிக் விதிப்படி முதலில் எந்த மருந்து? கணினியில் மருந்து எழுத அவருக்கு லாக்இன் வந்துவிட்டதா? நோயாளியின் கோப்பில், இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்று கையெழுத்திட்ட படிவம் இருக்கிறதே, அதன் பொருள் மற்ற சிகிச்சையையும் நிறுத்துவதா? இல்லை, அதற்கு அந்தப் பொருள் கிடையாது. ஆனால் நம் ஊர் வார்டுகளில் அப்படியொரு படிவத்தைப் பெரும்பாலானோர் கையில் எடுத்தே இருக்க மாட்டார்கள். இதயம் நின்றவருக்கு உதவிக் குழுவைக் கூப்பிடும் உள்தொலைபேசி எண் 2222 என்பதைக்கூட யாராவது சொன்னால்தான் தெரியும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊரில் பி.ஜி. படிக்கும்போது இரவு இரண்டு மணிக்கு சீஃபுக்குப் போன் போட்டால் மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தானே சமாளித்தவர்தான் கெட்டிக்காரர். அங்கே கணக்கு தலைகீழ். ரெஜிஸ்ட்ரார் என்ற இடைநிலை மருத்துவரை அழைக்காமல் இருந்ததுதான் விசாரணையில் முதல் கேள்வியாக வரும். எப்படி அழைப்பது என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: என்ன நிலைமை, நோயாளியின் பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். கடைசி வரியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். மூத்தவரிடம் "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று நேராகச் சொல்ல நாக்கு எழுவதில்லை. "ஒரு தகவல் சொல்லலாம் என்று கூப்பிட்டேன் சார்" என்று முடித்தால், எதிர்முனையில் இருப்பவர் தகவலாகவே எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்.

காலையில் இன்னொன்று காத்திருக்கும். நோயாளியின் மகள் வராந்தாவில் நிறுத்தி, ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்கிறார். நம் ஊரில் அட்டெண்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வதுதான் வழக்கம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவதும் வழக்கம். அங்கே நோயாளியின் சம்மதம் இல்லாமல் பெற்ற பிள்ளையிடம்கூட வாய் திறக்கக் கூடாது. நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்க 2005இல் இயற்றிய தனிச் சட்டமே இருக்கிறது. அறுவைக்குச் சம்மதம் வாங்கும்போது எந்தெந்த ஆபத்துகளைச் சொல்ல வேண்டும் என்பதை, 2015இல் மாண்ட்கோமரி வழக்கின் தீர்ப்பு மருத்துவரின் கோணத்திலிருந்து நோயாளியின் கோணத்துக்கு மாற்றிவிட்டது. புத்தகத்தில் படித்தால் இவை பத்து நிமிடப் பாடம். கண்கலங்கி நிற்கும் மகளின் முன்னால் நடைமுறைப்படுத்த, பக்கத்தில் ஒருவர் செய்து காட்டியிருக்க வேண்டும்.

கண்டிக்காத மேலதிகாரி

ஜி.எம்.சி. கேட்டுக்கொண்டதன் பேரில் டோயின் அட்டவோலோகன், ராஜர் க்ளைன் இருவரும் ஆய்வு செய்து 2019இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். மருத்துவமனைகளே ஜி.எம்.சி.க்குப் புகாராக அனுப்பும் மருத்துவர்களில், வெளிநாட்டில் படித்தவர்களின் விகிதம் உள்ளூரில் படித்தவர்களின் விகிதத்தைப் போல இரண்டரை மடங்கு. ஏன் என்று தேடியபோது கிடைத்த காரணங்கள் கவனிக்க வேண்டியவை. புதியவர்களுக்கு அறிமுகமும் ஆதரவும் போதவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, பலர் எதிர்பார்க்காதது: வேறு இனத்தவரான இளையவரிடம் குறையைச் சொல்ல மேலதிகாரிகள் தயங்குகிறார்கள். சங்கடத்துக்குப் பயந்து சிறு தவறுகளைச் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அவை சேர்ந்து சேர்ந்து ஒருநாள் முறையான புகாராகவே வெடிக்கின்றன.

திட்டாத சீஃப் கிடைத்தால் நாம் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் நினைப்போம். பிரிட்டனில் யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கும் மாதங்களைப் பற்றித்தான் உஷாராக இருக்க வேண்டும். "நான் செய்வதில் எதை மாற்ற வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் பதில் வரும். "பரவாயில்லை, நன்றாகத்தான் போகிறது" என்ற பதிலோடு திருப்தியடையாமல், ஒரு கேஸை எடுத்துவைத்துக் கேட்பது நல்லது.

புகார்களை ஒட்டியே டேட்டிக்ஸ் என்ற பெயரையும் சொல்ல வேண்டும். மருந்து தவறியது, நோயாளி விழுந்தது எதுவானாலும் பதிவு செய்யும் கணினி முறைக்குப் பல மருத்துவமனைகளில் அந்தப் பெயர். மெமோ வாங்கிப் பழகியவருக்கு அதில் தன் பெயரைப் பார்த்ததும் வயிறு கலங்கும். யாரையும் தண்டிக்க அல்ல, நடைமுறையைச் சரிசெய்யவே அது என்பார்கள். காகிதத்தில் அது உண்மை. "உங்கள் மேல் டேட்டிக்ஸ் போடுவேன்" என்று மிரட்டுகிறவர்களும் வார்டுகளில் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

பதவியின் பெயரைப் பாருங்கள்

2022இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நிர்வாகம் ஜி.எம்.சி. உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து, வெளிநாட்டு மருத்துவர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. தங்க இடம், வங்கிக் கணக்கு முதல் மருத்துவப் பொறுப்புகள்வரை அதில் வரும். நல்ல ஆவணம். ஆனால் அது வழிகாட்டிதான், சட்டமில்லை. அதை அப்படியே கடைப்பிடிக்கும் மருத்துவமனையும் உண்டு, திறந்தே பார்க்காததும் உண்டு.

எந்தப் பக்கம் நாம் விழுவோம் என்பதைப் பெரும்பாலும் பதவியின் தன்மை சொல்லிவிடும். அதிகாரபூர்வப் பயிற்சி இடம் என்றால், மருத்துவமனைக்கு வெளியே பயிற்சியைக் கண்காணிக்க ஆள் இருக்கிறது. கல்வி மேற்பார்வையாளர் கட்டாயம். எம்.டி.ஐ. என்ற திட்டத்தில் போகிறவர்களுக்கு அதிகபட்சம் 24 மாதம். ராயல் காலேஜ்களின் கூட்டமைப்பு விசாவுக்குப் பொறுப்பேற்பதால் ஓரளவு கண்காணிப்பு உண்டு. பிளாப் முடித்துவிட்டு நேராகப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பதோ 'டிரஸ்ட் கிரேடு', 'கிளினிக்கல் ஃபெலோ' போன்ற பதவிகள். இவை அந்தந்த மருத்துவமனை தன் டியூட்டிப் பட்டியலின் ஓட்டையை அடைக்க உருவாக்குபவை. சம்பளம் பயிற்சி மருத்துவருக்கு நிகராக இருக்கலாம். படிப்பதற்கான விடுப்பு, மேற்பார்வையாளர், தேர்வுச் செலவு எல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். எழுதாததைப் பிறகு கேட்டு வாங்குவது கடினம்.

ஆகவே பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்பு. என் மேற்பார்வையாளர் யார் என்று பெயரோடு கேட்கலாம். படிப்பு விடுப்பு எத்தனை நாள், அதற்கு எவ்வளவு பணம் என்று கேட்கலாம். வந்ததும் சில வாரம் தங்க மருத்துவமனைக் குடியிருப்பில் அறை உண்டா என்பதும் முக்கியம்: வாடகை வீட்டுக்கு இங்கிலாந்தில் முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று பொதுவாகச் சட்டம் இருந்தாலும், மாதக் கடைசியில் வரும் முதல் சம்பளம்வரை கையிருப்பில்தான் ஓட்ட வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்குத் திறக்கவும் இழுபடும்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், முதல் நைட் டியூட்டி எந்தத் தேதி என்று கேளுங்கள் என்பேன். "முதல் இரண்டு வாரம் உங்களைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம், நான்காவது வாரம் பகல் ஆன்-கால், அதற்குப் பிறகு நைட்" என்று பதில் வந்தால் அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் யாரும் யோசிக்கவில்லை. சேர்ந்த பின் திடீரென்று முதல் வாரத்திலேயே நைட் போட்டிருந்தால், வாயால் முறையிடாமல் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முடியாது என்று எழுதத் தேவையில்லை. கணினி அனுமதி வரவில்லை, வார்டுகளைப் பார்க்கவில்லை, அதுவரை பாதுகாப்பாகப் பணியாற்ற முடியாது என்று எழுதினால் போதும். நோயாளியின் பாதுகாப்பு என்ற வாதத்தை அங்கே யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இப்போது கூடியிருக்கிறது, காரணமில்லாமல் இல்லை. 2025 ஜூலையில் வெளியான இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. பிளாப் தேறிவிட்டு வேலைக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய பேர். ஆனாலும் தேதி கேட்டதற்காக வாய்ப்பைத் திரும்பப் பெறும் துறையில் சேராமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

யாரிடம் போவது

ஜி.எம்.சி. நடத்தும் 'வெல்கம் டு யு.கே. பிராக்டிஸ்' வகுப்பு இலவசம், அரை நாள்தான். சேர்ந்த சில வாரத்துக்குள் போய்விடுவது நல்லது. பி.எம்.ஏ. என்ற மருத்துவர் சங்கத்தில் சேர்ந்தால் ஒப்பந்தத்தைச் சரிபார்த்துத் தருவார்கள். பலர் கோட்டைவிடுவது இன்னொன்றில்: நோயாளி நஷ்டஈடு கேட்டால் மருத்துவமனையின் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று எம்.டி.யு., எம்.பி.எஸ்., எம்.டி.டி.யு.எஸ். போன்ற பாதுகாப்பு அமைப்புகளில் சேராமல் விட்டுவிடுகிறார்கள். ஜி.எம்.சி.யிடமிருந்து கடிதம் வந்தால் அந்தக் காப்பீடு உதவாது. தனியாகப் பதில் எழுதுவது ஆபத்து. மன அழுத்தத்துக்கு இங்கிலாந்தில் 'பிராக்டிஷனர் ஹெல்த்' என்ற ரகசியமான, இலவச சேவை மருத்துவர்களுக்கென்றே இருக்கிறது.

முந்தைய தலைமுறைக்கு இந்த அறிமுக வகுப்போ மனநலச் சேவையோ கிடையாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் போன தெற்காசிய மருத்துவர்கள், உள்ளூர்க்காரர்கள் விரும்பாத முதியோர் மருத்துவத்துக்கும், தொழிற்சாலை நகரங்களின் குடும்ப மருத்துவத்துக்கும் ஒதுக்கப்பட்டு, அந்தத் துறைகளையே தூக்கி நிறுத்தினார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமான பாபியோ 1996இல்தான் தொடங்கியது. அவர்களுக்குப் பின்னால் போய் இப்போது ஓய்வை நெருங்கும் ஒருவராவது அநேகமாக எல்லா மருத்துவமனையிலும் இருப்பார். மதிய உணவு நேரத்தில் கேண்டீனில் போய் அறிமுகப்படுத்திக்கொண்டால், எந்த கன்சல்டன்டிடம் எப்படிப் பேசுவது என்பதில் தொடங்கி எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்பதுவரை சொல்வார்.

முதல் நைட் டியூட்டியின் தேதியைக் கேட்கும் மின்னஞ்சலை எச்.ஆர். பிரிவுக்கு மட்டும் அனுப்பினால் பதில் வரத் தாமதமாகும். அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஒவ்வொரு துறையிலும் டியூட்டிப் பட்டியல் போடும் 'ரோட்டா கோஆர்டினேட்டர்' என்று ஒருவர் உண்டு. அவருடைய பெயரைக் கேட்டு வாங்கி, அவருக்கே எழுதுங்கள்.