மிகைக்காற்று எஞ்சினும் எரிபொருள் வடிகட்டியும்

பெட்ரோல் எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது அது குடிக்கும் பெட்ரோல் அன்று, அது உள்ளிழுக்கும் காற்றே ஆகும். ஒரு கிலோ பெட்ரோலை எரிப்பதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ வரை காற்று வேண்டியிருப்பதால், சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றை அடைக்க முடிகிறதோ அவ்வளவு பெட்ரோலுக்குத்தான் அங்கு வேலை இருக்கிறது. இந்த எல்லையைத் தள்ளிவைக்கும் கருவி சூப்பர்சார்ஜர் எனப்படும். கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் அல்லது பற்சக்கரத்தின் வழியே சுழற்சியைப் பெற்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றழுத்தி அது. புகைவாயுவின் விசையால் சுழலும் டர்போசார்ஜர் அதற்குப் பங்காளி முறை. இவ்வகைக் காற்றூதிகளில் மூத்தது, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றது. படகுகளைக் கனவிலும் எண்ணாமல் உருவாக்கப்பட்ட அக்கருவி, பிற்காலத்தில் உருக்கு உலைகளுக்குக் காற்றூதிப் பெயர்பெற்று, பின்னரே எஞ்சினின் தலைமேல் ஏறியது. 2004இல் மெர்க்குரி நிறுவனம் வெளியிட்ட வெராடோ என்னும் 2.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், சூப்பர்சார்ஜரைப் படகின் பின்புறம் மாட்டும் வெளிப்புற எஞ்சினுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தது.

ஆலையிலிருந்தே சூப்பர்சார்ஜரோடு வரும் எஞ்சினில், கூடுதல் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் வழியையும் அதை வடிவமைத்தவர்களே அமைத்துவிடுகிறார்கள். சாதாரண எஞ்சினை வாங்கி, சில ஆண்டுகள் ஓட்டி, பிறகு அதன்மேல் சூப்பர்சார்ஜரைப் பொருத்தும் வழக்கம் அமெரிக்க ஏரிகளிலும் கடற்கரைகளிலும் உள்ள விரைவுப்படகு உரிமையாளர்களிடையே பரவலாக உண்டு. சிக்கல் தொடங்குவது அங்கேதான். பளபளக்கும் காற்றழுத்திக்குப் பெருஞ்செலவு செய்பவர், எஞ்சின் அறையின் மூலையில் அழுக்கேறிக் கிடக்கும் எரிபொருள் வடிகட்டியைப் பழையபடியே விட்டுவிடுகிறார்.

அந்த வடிகட்டி போதாமற்போவது ஏன் என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2001 முதல் 2009 வரை தயாரித்த 8.1 லிட்டர் வி8 எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, மெர்க்குரியின் மெர்க்ரூசர் பிரிவு 425 குதிரைத்திறன் தரும் படகு எஞ்சினை விற்றது. இத்தகைய எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 227 கிராம் பெட்ரோல் எரிக்கும் என்று கொண்டால், முழு வேகத்தில் மணிக்கு 130 லிட்டர் ஆகிறது. சூப்பர்சார்ஜர் பொருத்தி 600 குதிரைத்திறனுக்கு உயர்த்தினால், செலவு குதிரைத்திறனோடு மட்டும் ஏறுவதில்லை: காற்றழுத்தியைச் சுழற்றுவதற்கே எஞ்சின் தன் திறனில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருப்பதோடு, அழுத்தப்பட்ட காற்று சூடேறுவதால் சிலிண்டரைக் குளிரவைக்கும் பொருட்டுப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே தெளிக்க வேண்டியிருப்பதால், ஒரு குதிரைத்திறனுக்கு 270 கிராமை ஒட்டிய கணக்குத்தான் பொருந்தும். அதன்படி மணிக்கு 220 லிட்டர் தேவை. திறன் நூற்றுக்கு 41 பங்கு கூடும்போது பெட்ரோல் நூற்றுக்கு 69 பங்கு கூடுகிறது.

கூடுதல் பெட்ரோல் கிடைக்காத எஞ்சின் வேகம் குறைந்து நின்றுவிடும் என்றால் கேடு அவ்வளவாக இல்லை. ஆனால் பெட்ரோல் எஞ்சினில் காற்று மிகுந்து பெட்ரோல் குறையும் நிலை, அதாவது மெலிந்த கலவை, தீப்பொறி ஏற்றிய சுடர் ஒழுங்காகப் பரவுவதற்கு முன்பே கலவையின் எஞ்சிய பகுதி தானாக வெடித்துத் தீரும் ‘நாக்கிங்’ எனப்படும் கோளாறுக்கு வழிவிடுகிறது. காற்றழுத்தம் கூடிய சிலிண்டரில் அந்த வெடிப்பு அலுமினியப் பிஸ்டனின் விளிம்பை உருக்கவும் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதியை உடைக்கவும் வல்லது. முழு அழுத்தத்தில் 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று அமைக்கப்பட்ட எஞ்சினில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் இருபுறத்துக்கும் இடையே இருக்க வேண்டிய 3 பார் அழுத்த வேறுபாடு, வடிகட்டியின் தடையால் 2.1 பாராகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், தெளிக்கப்படும் பெட்ரோல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, கலவை 14.3 பங்குக்கு மெலிந்துவிடும். சாலையில் அமைதியாக உருளும் காருக்கு அது நல்ல கலவை. முழு விசையில் நீரைக் கிழித்துச் செல்லும் சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கோ நஞ்சு. கார் முழுத் திறனைக் கேட்பது சில நொடிகளுக்கே. படகுக்கு இறக்கம் என்று ஒன்று இல்லாததால், நீரின் தடை ஒருபோதும் விலகாமல் எஞ்சின் பல நிமிடங்கள் தொடர்ந்து அதே சுமையில் உழைக்கிறது.

இந்தக் குறைபாட்டை எஞ்சினே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. புகைவாயுவிலுள்ள ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்தும் உணரி, அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை ஒட்டியே உட்புற எஞ்சின்களில் பரவலாயிற்று. அதற்கு முற்பட்ட படகு எஞ்சின்களின் கணினி பெரும்பாலும் முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறதே அன்றி, பெட்ரோல் உண்மையில் வந்து சேர்ந்ததா என்று கேட்பதில்லை. போதாக்குறைக்கு, அழுத்தச் சீராக்கியும் அடைப்பை மறைத்துவிடுகிறது. பம்ப் தள்ளும் பெட்ரோலில் எஞ்சின் எரித்தது போக மிஞ்சியதைச் சீராக்கி திருப்பியனுப்பிக்கொண்டிருப்பதால், வடிகட்டி அடைபடத் தொடங்கும்போது முதலில் குறைவது அந்த மிச்சம் மட்டுமே. மிச்சம் முற்றிலும் தீர்ந்த பிறகே இன்ஜெக்டருக்குரிய அழுத்தம் விழுகிறது. ஆகவே துறையில் நிற்கும்போதும் மெல்ல ஓடும்போதும் குறையே தெரியாத படகு, தன் உச்ச வேகத்தில்தான் முதன்முதலாகப் பட்டினி கிடக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பின் உரிமையாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, இருக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டு அதைவிட நுண்ணிய ஒன்றை மாட்டுவதாகும். வடிகட்டியின் நுண்மை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்லப்படுகிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்க, படகுகளில் வழங்கும் வடிகட்டிகள் 30, 10, 2 மைக்ரான் என்ற வரிசையில் கிடைக்கின்றன. இந்த எண் மட்டும் முழு உண்மையைச் சொல்வதில்லை, ஏனெனில் 10 மைக்ரான் என்று பெயரிட்ட இரண்டு வடிகட்டிகளில் ஒன்று அந்த அளவுத் துகள்களில் பாதியை விட்டுவிடலாம், மற்றொன்று நூற்றுக்கு 98க்கு மேல் பிடித்துவிடலாம். எத்தனை நுழைந்தன, எத்தனை தப்பின என்ற விகிதத்தை உற்பத்தியாளர் தந்திருந்தால் அதைப் பார்த்தே வாங்குவது அறிவுடைமை. ஆனால் சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு நுண்மையைவிட முதன்மையானது பரப்பு. மடித்து அடுக்கிய தாளின் பரப்பை இரட்டிப்பாக்கினால், ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் கடக்கும் ஓட்டம் பாதியாகித் தடையும் குறைகிறது. அழுக்குத் தாங்கும் அளவும் இரட்டிப்பாகிறது. பெரிய வடிகட்டி நல்ல வடிகட்டி என்பது இங்கே பாமரக் கருத்து அன்று, கணக்கின் முடிவு.

எங்கே வைப்பது என்பதும் எதை வைப்பது என்பதற்கு நிகரான கேள்வி. தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பகுதி உறிஞ்சு பக்கம். அங்கே பெட்ரோல் இழுக்கப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. எளிதில் ஆவியாகும் இயல்புடைய பெட்ரோலை, வெப்பம் தேங்கிய எஞ்சின் அறையில், நுண்ணிய தாளின் வழியே வலிந்து இழுத்தால், அழுத்தம் தாழ்ந்து குழாய்க்குள்ளேயே அது கொதித்துக் குமிழியாகிவிடும். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை விழுங்கித் திணறும் இந்நிலையை வேப்பர் லாக் என்று அழைக்கிறார்கள். எனவே உறிஞ்சு பக்கத்தில் தண்ணீரைப் பிரிக்கும் பெரிய வடிகட்டி ஒன்றை, 10 மைக்ரானுக்குக் கீழே போகாமல் வைப்பதும், அதைவிட நுண்ணியதைப் பம்புக்கு அப்பால் அழுத்தப் பக்கத்தில் வைப்பதுமே முறை. உறிஞ்சு பக்கத்துக்கென்று செய்த மெல்லிய தகர உறையை 3 அல்லது 4 பார் அழுத்தம் ஓடும் இடத்தில் மாட்டுவது, விலை குறைவு என்பதற்காகச் செய்யப்படும் பெரும்பிழை.

வடிகட்டியைப் பெரிதாக்கியும் பயன் காணாதவர்கள் பெரும்பாலும் தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயைப் பார்க்க மறந்தவர்களாக இருப்பார்கள். குழாய் எங்கேனும் முறிந்தால் தொட்டியிலுள்ள பெட்ரோல் தானாக வடிந்து படகின் அடித்தளத்தில் தேங்காமலிருக்க, சுருள்வில்லும் சிறு குண்டும் கொண்ட ஒரு வால்வு அங்கே பொருத்தப்பட்டிருக்கும்; அதை அகற்றிவிடக் கூடாது, ஆனால் பழைய எஞ்சினுக்கு ஏற்ற அதன் குறுகிய துளை புதிய ஓட்டத்தை நெரிக்கும் என்பதால் அகன்ற துளையுடைய வால்வை மாற்றிப் பொருத்த வேண்டும். எட்டில் மூன்று அங்குலக் குழாயை அரை அங்குலமாக மாற்றுவது சிறு மாற்றமாகத் தோன்றினாலும், குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது.

தண்ணீரின் கதை தனி. பாதி நிரம்பிய தொட்டியில் இரவின் குளிர் ஈரத்தைப் பனிக்கச் செய்ய, காற்றுத்துளை வழியே கடற்காற்றும் புக, அடியில் சேரும் நீரை அலையின் ஆட்டம் கலக்கிவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் இதை மேலும் சிக்கலாக்கிற்று. நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் உள்ள பெட்ரோல், ஏறத்தாழ அரை விழுக்காடு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். கரைந்த நீரை எந்தப் பிரிப்பானும் பிரிக்காது. அந்த எல்லை மீறும்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிட, மேலே நிற்பது வெடித்தெரிதலைத் தாங்கும் வலுவை இழந்த பெட்ரோல். சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு அது இரட்டை அடி. நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் 2004 ஜனவரியில் பெட்ரோலில் கலக்கப்பட்டுவந்த எம்டிபிஇ என்னும் பழைய சேர்மத்தைத் தடைசெய்து எத்தனாலுக்கு மாறியபோது, அப்பகுதியின் பழைய கண்ணாடியிழைத் தொட்டிகளின் பிசின் கரைந்து, எஞ்சின் வால்வுகளில் கரிய பிசுக்காகப் படிந்தது. பெட்ரோலோடு கரைந்தோடும் அதை எந்த வடிகட்டியாலும் நிறுத்த முடியவில்லை, தொட்டியை மாற்றுவதே வழியாயிற்று. இந்தியாவில் 2023 முதல் விற்கப்படும் இ20 பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்கு என்பதால், இங்கு பெட்ரோல் படகு வைத்திருப்போரும் தொட்டி எதனால் ஆனது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

டீசலில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். அங்கே எரிபொருள் குறைந்தால் திறன் குறையுமே தவிரப் பிஸ்டன் உருகாது; ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட பார் அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்டரின் உட்பாகங்களுக்கிடையே சில மைக்ரானே இடைவெளி என்பதால், நுண்மையே அங்கு முதன்மை பெறுகிறது.

பெட்ரோல் எஞ்சின் அறையில் செய்யப்படும் எந்த மாற்றமும் தீயை நினைத்தே செய்யப்பட வேண்டும். காரில் ஒழுகிய பெட்ரோல் சாலையில் சிந்திப்போகும். படகில் அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் அடித்தளத்தில் தங்கித் தீப்பொறிக்குக் காத்திருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள், இந்த அறையிலுள்ள எரிபொருள் பாகங்கள் இரண்டரை நிமிடத் தீச்சோதனையைத் தாங்க வேண்டும் என்கின்றன. டீசல் படகுகளில் தண்ணீர் சேர்வதைக் கண்ணால் பார்க்க உதவும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கிண்ணத்தை இங்கே அப்படியே மாட்டாமல் உலோகக் கிண்ணத்தையும், காருக்குரிய ரப்பர்க் குழாய்க்குப் பதிலாக ஏ1-15 என்று அச்சிட்ட கடற்குழாயையும் நாடுவது இதனால்தான்.

வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே ஒரு வெற்றிடமானியைப் பொருத்துவது முழு வேலையிலும் மலிவான பகுதி. அடைப்பு கூடக் கூட உறிஞ்சு பக்கத்தில் வெற்றிடம் கூடுவதால், எஞ்சினின் கணினிக்குத் தெரியாததை அந்த முள் சொல்லிவிடும். புதிய தாள் மாட்டியதும் பம்பை மட்டும் சிலமுறை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, இணைப்புகளைத் தொட்டுப் பார்த்துக் கசிவில்லை என்று உறுதிசெய்து, எஞ்சின் அறையின் விசிறியை நான்கு நிமிடம் ஓட்டிய பிறகே எஞ்சினை உசுப்ப வேண்டும். பின்னர் திறந்த நீருக்குச் சென்று, முழு வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த எண்ணையும் தேதியையும் வடிகட்டியின் உறைமேலேயே அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும். அடுத்த தாளை மாற்றும் நாளை முடிவு செய்ய அந்த எண்ணே அளவுகோல்.