உங்களுக்குத் தெரியுமா? சுவரில் தொங்கும் மின் நிலையம்

● மின் நிலையம் என்றால் புகைபோக்கி இருக்கும், இல்லை அணை இருக்கும். எதுவும் இல்லாவிட்டாலும் வாசலில் ஒரு கேட்டும் காவலாளியுமாவது உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் இவை எதுவுமே இல்லாத மின் நிலையம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளின் கார் ஷெட்டிலும் பக்கச் சுவரிலும் மாட்டியிருக்கும் சோலார் பேட்டரிகள்தாம் அது. இணையம் வழியாக ஒரு மென்பொருள் அத்தனையையும் ஒரே கயிற்றில் கட்டி மேய்க்கிறது. பெயர் விர்ச்சுவல் பவர் பிளான்ட், சுருக்கமாக வி.பி.பி. தமிழில் மெய்நிகர் மின் நிலையம் என்கிறோம்.

● அந்தப் பெட்டிகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். டெஸ்லா நிறுவனத்தின் பவர்வால் 2. உயரம் 115 செ.மீ., அகலம் 75 செ.மீ., கனம் 15 செ.மீ.கூட இல்லை. ஒல்லியாகத் தெரிகிறதே என்று தூக்கப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும். எடை 100 கிலோவுக்கு மேல். உள்ளே 13.5 யூனிட் மின்சாரம் நிற்கும். நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட்தான்; அப்படி ஏழெட்டு சேர்ந்தால் இது ஒன்று. இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. நம் இன்வெர்ட்டர் லைனிலிருந்து வாங்கும், ஃபேனுக்குக் கொடுக்கும்; திருப்பி லைனுக்குக் கொடுக்கத் தெரியாது. பவர்வாலுக்குத் தெரியும். வி.பி.பி. என்ற சங்கதி முழுக்க அந்த ஒரு திறமையில்தான் நிற்கிறது.

● 2018 பிப்ரவரியில் தென் ஆஸ்திரேலிய அரசும் டெஸ்லாவும் இதை அறிவித்தபோது சொன்ன இலக்கு 50,000 வீடுகள். வீட்டுக்கு 5 கிலோவாட் என்று பெருக்கினால் 250 மெகாவாட். ஒரு நடுத்தர மின் நிலையத்துக்குச் சமம். முதலில் பெட்டி போனது வசதிக்காரர் வீட்டுக்கு அல்ல, அரசு வாடகைக் குடியிருப்புகளுக்கு. முதல் இரண்டு கட்டங்களில் 1,100 வீடுகள். கூரையில் வைத்த சோலார் தகட்டுக்கும் பேட்டரிக்கும் குடியிருப்போர் ஒரு காசு தரவில்லை. கரண்ட் பில்லும் குறைந்தது. திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். 50,000 என்ற எண்ணை மட்டும் இன்னும் எட்டவில்லை.

● ஏன் அந்த மாநிலம்? 2016 செப்டம்பர் 28 அன்று அடித்த புயலில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்து மாநிலமே இருளில் மூழ்கியது. சூடு கண்ட பூனை.

● ஓர் அதிர்ச்சிச் செய்தி: கூரையில் சோலார் இருந்தாலும், கரண்ட் போனால் நட்டநடுப் பகலிலும் அந்த வீட்டில் விளக்கு எரியாது! நம் ஊரில் பேட்டரி இல்லாமல் சோலார் போட்டவர்கள் முதல் மின்தடையன்றே இதைக் கண்டுபிடித்து, மாட்டிக்கொடுத்தவருக்கு போன் போட்டுத் திட்டியிருப்பார்கள். அவர் மேல் தப்பில்லை. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர்மேல் உங்கள் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது. அதனால் சோலாரோடு வரும் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். பவர்வால் போன்ற அமைப்பு இருந்தால் கதை வேறு. அது வீட்டை லைனிலிருந்து துண்டித்து, தனித்தீவாக்கி, உள்ளுக்குள் ஓட்டும். அந்த நேரத்தில் ஊருக்கு ஒரு சொட்டும் போகாது. ஆக, மொத்த ஊரும் இருண்டபின் வி.பி.பி.யால் மின்தொகுப்புக்குப் பயனில்லை. அதன் வேலை இருளுக்கு முந்தைய சில நொடிகளில்.

● அந்தச் சில நொடிகளில் என்னதான் நடக்கிறது? 2019 அக்டோபர் 9. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் திடீரென்று நின்றது. ஒரே மூச்சில் 748 மெகாவாட் காணாமல் போனது. சுமையோடு மேடேறும் பேருந்து முக்குவதுபோல, மிச்சமிருந்த நிலையங்களின் சுழற்சி வேகம் தளர்ந்தது. 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அதிர்வெண் 49.61-க்கு இறங்கியது. கேட்க அற்பமாக இருக்கும். மின்தொகுப்புக்கு இது காய்ச்சல். விழுந்துகொண்டே போனால் ஊர் ஊராக ஃபீடர்களை அணைக்க வேண்டிவரும். அப்போது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு வீடுகளின் பெட்டிகள் சட்டென்று மின்சாரத்தை லைனுக்குள் தள்ளின. யாரும் பட்டனை அழுத்தவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கலாம். 748 மெகாவாட் ஓட்டையை அந்தப் பெட்டிகளே அடைத்தன என்று சொன்னால் அது புளுகு. அப்போது இந்த அமைப்பு தவழும் பருவத்தில்தான் இருந்தது. ஆனால் ஊர் கூடி இழுத்த தேரில் அவையும் கை வைத்தன.

● இதில் ஒரு நுட்பம். அதிர்வெண் விழுந்த செய்தி தலைமைக் கணினிக்குப் போய், அங்கிருந்து உத்தரவு வரும்வரை எந்தப் பெட்டியும் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியின் இன்வெர்ட்டரும் தன் வாசலில் ஓடும் லைனின் அதிர்வெண்ணைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. சூடு பட்ட விரல் யோசித்தா பின்வாங்குகிறது? தலைமைக் கணினியின் வேலை நிதானமானது: எந்த வீட்டில் எவ்வளவு மிச்சம், நாளை வெயில் எப்படி, எப்போது நிரப்பலாம், எப்போது விற்கலாம் என்ற கணக்குப்பிள்ளை வேலை.

● விற்பது என்றால் சந்தையில். ஆஸ்திரேலிய மின்சந்தையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை விலை மாறும். நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்வதால், தென் ஆஸ்திரேலியாவில் மொத்த விலை அடிக்கடி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. கரண்டையும் கொடுத்து, வாங்குபவருக்குக் காசும் கொடுக்கும் நிலை. அடிமட்டம் யூனிட்டுக்கு மைனஸ் 1 ஆஸ்திரேலிய டாலர். தக்காளியைச் சாலையில் கொட்டிய விவசாயிக்கு இந்த வலி புரியும். சூரியன் இறங்கி, ஊரே வீடு திரும்பி ஏ.சி.யையும் அடுப்பையும் போடும்போது விலை எகிறும். 2025-26-க்கான உச்சவரம்பு யூனிட்டுக்கு 20 டாலருக்கும் மேல்! அந்த உச்சத்தைத் தொடுவது அபூர்வம். மலிவில் நிரப்பி, கிராக்கியில் இறக்கும் பழைய மண்டிக் கணக்குதான். குடோன் மட்டும் உங்கள் வீட்டுச் சுவரில்.

● அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிரீன் மவுன்டன் பவர் என்ற மின் விநியோக நிறுவனம் 2017-லேயே மாதம் 15 டாலருக்கு வீடுகளில் பவர்வால் மாட்டத் தொடங்கியது. தாராள மனசா? இல்லை. அந்த வட்டாரத்தில் ஆண்டிலேயே மிக அதிகத் தேவை எழும் ஒற்றை மணி நேரத்தில் அதன் வாடிக்கையாளர்கள் எவ்வளவு மின்சாரம் இழுத்தார்கள் என்பதை வைத்து நிறுவனம் கட்ட வேண்டிய பெரும் கட்டணம் ஒன்று முடிவாகிறது. அந்த மணியை முன்கூட்டியே கணித்து, வாடிக்கையாளர் வீட்டுப் பேட்டரிகளை ஓட்டினால் போதும். 2018 ஜூலை வெப்ப அலையில் இப்படி மிச்சமானது சுமார் 5 லட்சம் டாலர்.

● 2025 ஜூலை 29, கலிஃபோர்னியா. ஒரு பரிசோதனைக்காக மாலை 7 மணி முதல் 9 மணி வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு பேட்டரிகள் ஒன்றாக ஓடின. சராசரியாகக் கிடைத்தது 535 மெகாவாட்.

● வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம்? இருக்கிறது. போட்டு எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். கூடுதலாக நிரப்பி இறக்கினால் பேட்டரிக்கும் வயதாகும். பவர்வாலுக்கு 10 ஆண்டு முடிவில் 70 சதவீதக் கொள்ளளவுக்குத்தான் உத்தரவாதம். பெரிய உறுத்தல் வேறு: சாயங்காலம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ராத்திரி கரண்ட் போனால்? அதற்காகத்தான் 'ரிசர்வ்' என்று ஓர் அளவை வைக்கிறார்கள், பல திட்டங்களில் 20 சதவீதம். 13.5 யூனிட்டில் அது 2.7. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு ஓர் இரவு தாங்கும், ஏ.சி. போட்டால் நள்ளிரவைத் தாண்டாது. பளபளப்பான விளம்பரத்தில் இந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது, ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும்.

● உங்கள் மகளோ தம்பியோ மெல்போர்னிலோ சிட்னியிலோ பேட்டரி மாட்டப் போவதாகச் சொல்கிறார்களா? 2025 ஜூலை முதல் அங்கே மத்திய அரசு பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. லைனோடு இணைக்கும் பேட்டரி என்றால் அது வி.பி.பி.யில் சேரும் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சேர்ந்தே ஆக வேண்டும் என்பதல்ல. விற்பனையாளர் மாற்றிச் சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.