அம்பாசிடர் வண்டியின் அகவெப்பம்

மதுரை மாநகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் அமைந்தது பழங்காநத்தம். அதனை அடுத்துள்ள டி.வி.எஸ். நகர், 1911-ஆம் ஆண்டில் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பெயர்க் குறியைத் தாங்கி நிற்கின்றது. மோட்டார் வண்டிகளோடு இத்துணைத் தொடர்புடைய இப்பகுதியில், பழைய அம்பாசிடர் வண்டியொன்று செல்வதை இன்றும் எப்போதேனும் காணலாம்.

ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றியது அம்பாசிடர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில், 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. குளிர்நாட்டில் பிறந்த அமைப்பாதலின், அதனை வரைந்தோர்க்கு மதுரையின் அக்கினி நட்சத்திர வெயில் ஒரு பொருட்டாய் இருந்திருக்க இயலாது. சித்திரை, வைகாசித் திங்கள்களில் இவ்வூரின் வெப்பம் 40 பாகையை எட்டுவதுண்டு. அப்பொழுது வண்டியினுள் அமர்வோர் படும் பாடு சொல்லுந் தரமன்று.

வண்டியினுள் சேரும் வெப்பம் இருவகைப்படும். ஒன்று கதிரவன் தருவது. மற்றொன்று என்ஜின் தருவது. இவற்றுள் எது மிகுதி என்று அறியாமல் பொருட்செலவு செய்தல் வீண். அறியும் வழி எளிது. வெயில் தாழ்ந்த பின்னர், இரவில், அரைமணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் ஓட்டுநரின் கால்மாட்டில் அனல் வீசுமாயின், குற்றம் கதிரவன்மேலதன்று.

என்ஜினுக்கும் அமர்விடத்துக்கும் நடுவே ஓர் இரும்புத் தகட்டுச் சுவர் உண்டு. மின்கம்பிகள், கம்பிவடங்கள், ஸ்டியரிங் தண்டு ஆகியவை அச்சுவரிலும் அதனை அடுத்த தளத்திலும் உள்ள துளைகளின் வழியே செல்கின்றன. துளைதோறும் ரப்பர் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். ரேடியேட்டரைக் கடந்து சூடேறிய காற்று அத்துளைகளின் வழியே உள்ளே பாயும். இருளில் வண்டியை நிறுத்தி, என்ஜின் பக்கம் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, உள்ளிருந்து நோக்கினால், ஒளி கசியும் இடமெல்லாம் அனல் நுழையும் இடமென்று தெளியலாம்.

இத்துளைகளை அடைத்தல் உடல் நலத்துக்காக மட்டும் அன்று, உயிர்க்காவலும் ஆகும். புகைக்குழாயின் இணைப்புத் தளர்ந்திருந்தால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அவ்வழியே உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் உயிர்க்காற்றுத் தங்கவேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வெயிலால் வந்தனவென்று பயணிகள் எண்ணியிருக்க, அது உயிரையே கவர்ந்துவிடக்கூடும். ஆதலின் புகைக்குழாயைச் செப்பனிட்ட பின்னரே பிற வேலைகளைத் தொடங்குதல் முறை.

அப்புகைக்குழாய் வண்டியின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடுகின்றது. அதன் சூடு கதிர்வீச்சாகத் தளத்தைத் தாக்கும். குழாய்க்கும் தளத்துக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை நிறுத்தினால், அது கதிரைத் திருப்பியனுப்பும். தகட்டுக்கு மேலுள்ள காற்றிடைவெளி எஞ்சிய சூட்டைத் தடுக்கும். காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். எஃகு அதனினும் ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும். இதனை உணராது சிலர் அவ்விடைவெளியில் துணியையும் சாக்கையும் திணிப்பர். அது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

தீப்பொறி உரிய காலத்துக்குப் பிந்தி எழுமாறு என்ஜின் அமைந்திருந்தாலும், உந்துவதற்குச் செலவாகவேண்டிய வெப்பம் புகைக்குழாயில் சேரும். இதனைச் சரிசெய்வதற்குத் தேர்ந்த கம்மியன் ஒருவனின் சிறிது நேர உழைப்பே போதும். மிகப்பலர் கருதாது விடுவதும் இதுவே.

தளத்தின் உட்புறத்தே சணல் நாரை அழுத்திச் செய்த விரிப்பை இடுவது பழைய வழக்கம். அதன் நார்களுக்கிடையே அடங்கிக் கிடக்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கின்றது. ஆயினும் மழைநீர் புகுந்தால் சணல் ஈரத்தை விடாது பற்றி இரும்பைத் துருவேற்றும். நீர் உறிஞ்சாத நுரை விரிப்புகள் இக்காலத்தில் கிடைக்கின்றன. கல்நார் விரிப்பை மட்டும் அணுகவே கூடாது. அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைப்பது.

இனிக் கதிரவன் தரும் வெப்பம். கூரைக்கு வெண்ணிறம் பூசுவதும், கூரையின் உட்துணிக்குமேல் நுரை விரிப்பு வைப்பதும் பயன் தரும். கண்ணாடியின் செய்தியோ வேறு. ஒளியை உள்ளே விடும் கண்ணாடி, சூடேறிய இருக்கைகள் வீசும் வெப்பக்கதிரை வெளியே விடுவதில்லை. அதனாற்றான் வெயிலில் மூடி நிறுத்திய வண்டி, ஒரு மணி நேரத்தில் வெளிவெப்பத்தினும் இருபது பாகைக்கு மேல் சூடேறுகின்றது. அவ்வேற்றத்தின் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே நிகழ்கின்றது. கண்ணாடியைச் சிறிதளவு இறக்கிவிடுவதால் இது பெரிதும் குறைவதில்லை. குழந்தையின் உடல் பெரியோர் உடலினும் விரைந்து சூடேறுவது. 'ஐந்து நிமிடந்தானே' என்று குழந்தையை உள்ளே விட்டுக் கடைக்குச் செல்வோர் இதனை அறியார்.

கண்ணாடியைக் கருமையாக்கி வெயிலைத் தடுக்கவும் எல்லை உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விடுதல் வேண்டும். நிறுத்திய வண்டிக்கோ பளபளக்கும் திரையொன்றை முன்கண்ணாடியின் உட்புறம் சார்த்தினாலே போதும்.

இவற்றையெல்லாம் விடுத்து, முதற்கண்ணே குளிர்சாதனம் பொருத்துவோரும் உளர். துளைகள் அடைபடாத வண்டியில் அது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். அன்றியும், அது என்ஜினின் ஆற்றலில் ஒரு பகுதியைக் கவர்வதோடு, ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றையும் முன்னதாகவே சூடாக்கிவிடும். ஏனைய வேலைகள் முடிந்தபின், முன்கதவிலுள்ள முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்து ஓட்டிப் பார்த்தால், குளிர்சாதனம் வேண்டுமா என்பது அப்பொழுது விளங்கும்.