மூன்று முறை சொல்லியும் மாறாத பெயர்

"எங்க வீட்டுக்காரர் தவறி நாலு மாசம் ஆச்சுங்க. இன்னும் அவர் பேருக்கே மெசேஜ் வருது. எத்தனை தடவை சொல்றது?"

வாட்டர் ஃபில்டர் விற்கும் ஒரு நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு ஒரு அம்மாவிடமிருந்து வந்த மூன்றாவது போன் இது. தவறு ஊழியர்களுடையது அல்ல. நான் எழுதிய ஒரு சின்ன புரோகிராமுடையது.

அந்த நிறுவனத்தில் சி.ஆர்.எம். சாஃப்ட்வேர் இருந்தது. கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம்தான் இது. வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், வாங்கிய பொருள், செய்த புகார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும். 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் இதை பிரவுசரிலேயே பயன்படுத்தும்படி கொடுத்துப் பெயர் பெற்றது. சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் சி.ஆர்.எம். 2005-ல் வந்தது.

ஆனால் பில் போட வேறொரு சாஃப்ட்வேர் இருக்கும். இரண்டிலும் ஒரே விவரத்தைக் கையால் டைப் செய்ய முடியுமா? அதற்காக நடுவில் வைக்கும் புரோகிராம்தான் கனெக்டர்.

இது எப்படி வேலை செய்கிறது? ஓட்டலில் நாம் சமையலறைக்குள் போவதில்லை. சர்வரிடம் சொல்கிறோம், அவர் கொண்டு வந்து தருகிறார். அதுபோல ஒரு சாஃப்ட்வேரிடம் விவரம் கேட்கவும் கொடுக்கவும் உள்ள வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். விவரங்கள் ஜேசான் அல்லது எக்ஸ்.எம்.எல். வடிவில் போய் வரும். ஒன்றில் 'கஸ்டமர் நேம்' என்று இருப்பது மற்றதில் 'பார்ட்டி நேம்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று கனெக்டருக்கு நாம் சொல்லித் தர வேண்டும். இதற்கு ஃபீல்டு மேப்பிங் என்று பெயர்.

இவையெல்லாம் நான் சரியாகத்தான் செய்திருந்தேன். பிறகு எங்கே பிசகியது?

அந்த அம்மா போன் செய்த ஒவ்வொரு முறையும் ஊழியர் சி.ஆர்.எம்.-ல் பெயரை மாற்றினார். பில் சாஃப்ட்வேரில் பழைய பெயரே இருந்தது. இரவு 2 மணிக்கு என் கனெக்டர் பில் விவரங்களை சி.ஆர்.எம்.-க்குக் கொண்டு போகும்போது பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டது. காலையில் மறுபடி கணவர் பெயர். லாக் ஃபைலில் பிழை எதுவும் இல்லை. 'சக்சஸ்' என்றே இருந்தது!

தீர்வு எளியது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். பெயர், முகவரி, போன் நம்பர் சி.ஆர்.எம்.-க்குச் சொந்தம். தொகை, பில் தேதி பில் சாஃப்ட்வேருக்குச் சொந்தம். சொந்தக்காரரிடமிருந்துதான் மற்றதற்குப் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. கோடு மாற்ற அரை நாள் ஆனது. எது யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பிரிவினரையும் உட்கார வைத்து முடிவு செய்ய இரண்டு நாள் ஆனது. அடுத்த சர்வீஸ் மெசேஜ் அந்த அம்மாவின் பெயரிலேயே போனது.

உங்கள் வீட்டிலும் இதே விஷயம் நடக்கலாம். செல்போனில் உள்ள நம்பர்களை கம்ப்யூட்டருடன் சிங்க் செய்யும் முன், ஒரு காப்பியை சி.எஸ்.வி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். திருத்துவதை ஒரே இடத்தில் செய்யுங்கள். கூகுள் கான்டாக்ட்ஸில் தவறு நேர்ந்தால், 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு.

இரண்டு சாஃப்ட்வேர்களை இணைக்கும்போது 'இணைந்துவிட்டதா?' என்று மட்டும் பார்க்காதீர்கள். எது எதன் மேல் எழுதும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.