தலையெழுத்தை அழித்த சொட்டு மருந்து

இளம்பிள்ளை வாதம் என்றால் என்னவென்று இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. நேற்றுவரை ஓடி விளையாடிய பிள்ளை காய்ச்சலில் படுக்கும். எழுந்தால் கால் நிற்காது. நாளடைவில் அது சூம்பிப் போகும். பெற்றவள் கதறுவாள். ஊரார், "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

தலையெழுத்தா? இல்லை, போலியோ என்னும் வைரஸ் கிருமி! மலம் கலந்த தண்ணீர் வழியாக வாயில் புகுந்து, குடலில் பெருகி, சிலருக்கு நரம்பைத் தாக்குகிறது என்பதை ஆராய்ச்சி காட்டியது. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் அந்தக் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் காட்டினார்கள். தடுப்பு மருந்துக்கு வழி பிறந்தது.

1955இல் ஜோனஸ் சால்க், கொன்ற கிருமியை ஊசி மருந்தாகத் தந்தார். ஆல்பர்ட் சேபின், உயிரோடிருக்கும் கிருமியின் வலுவைக் குறைத்துச் சொட்டு மருந்தாக்கினார். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: பகைவனின் முகத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பது. உடல் எதிர்ப்புப் பொருளைச் செய்யக் கற்றுக்கொள்கிறது. அதை மறப்பதும் இல்லை. உண்மைக் கிருமி வந்தால், நரம்பை எட்டுமுன் அதை மடக்குகிறது.

சேபின் தம் மருந்துக்குக் காப்புரிமை கேட்கவில்லை. அமெரிக்காவும் சோவியத் நாடும் முறைத்துக்கொண்டு நின்ற 1959இல், அந்த அமெரிக்கரின் மருந்தைச் சோவியத் அறிஞர் சுமாகோவ் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்து அதன் பயனை நிலைநாட்டினார். அறிவுக்கு வேலி ஏது?

1988இல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை இந்நோய் முடக்கியது. இந்தியாவில் 1995இல் நாடு தழுவிய சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்ட நோயாளியே இங்கு இயற்கைக் கிருமிக்குக் கடைசி ஆள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடென்று சான்று பெற்றது.

"நோய்தான் இல்லையே, மருந்து எதற்கு?" என்று கேட்போர் உண்டு. திருடன் வரவில்லை என்று கதவைக் கழற்றி வைப்பார் உண்டா? பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் ஒழியவில்லை. அது திரும்பி வந்தால், சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒட்டிக் கிடக்கும் உழைப்பாளியின் தெருவில்தான் முதலில் கால் வைக்கும்.

ஆகவே, தோழர்களே! நல்ல குடிதண்ணீருக்காகப் போராடுவோம். அதோடு, நம் தெருவில் மருந்து பெறாத குழந்தை ஒன்றுகூட இல்லை என்ற நிலையை வீடு வீடாகச் சென்று உண்டாக்குவோம்.